என் கண்ணில் இருந்தது ஏக்கமில்லை

அந்தப் படத்தில் நான் தனியாக உட்கார்ந்திருக்கிறேன். முழுப் பொய். திருச்செங்கோட்டு டீக்கடை பெஞ்சில் அன்றைக்கு நாங்கள் மூன்று பேர். மற்ற இருவரும் என்னோடு ரிக் வண்டியில் ஊர் ஊராய்ப் போய் போர்வெல் போட்டவர்கள். ஒருவன் சொன்ன கதைக்குச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. எதிரே உட்கார்ந்து வரைந்த கல்லூரிப் பெண் அவர்களை விட்டுவிட்டாள், என் கையிலிருந்த வடையையும் விட்டுவிட்டாள். ‘முதுமையின் தனிமை’ என்று பெயர் வைத்துக் கண்காட்சியில் மாட்டினாள். கிழவன் என்றால் வடை தின்னக் கூடாது என்று இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

சேலத்திலிருக்கும் என் மகன் அதை வாங்கி ஹாலில் மாட்டிக்கொண்டான். சேலம் என்ன சீமையிலா இருக்கிறது? பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். ஆனால் பொங்கலுக்குப் பிறகு அவன் ஊர்ப்பக்கம் வரவில்லை. எனக்குக் கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள், கூட இருக்க ஆள் வேண்டும். நானே அவன் வீட்டுக்குப் போனேன்.

அன்றைக்கு அவன் ஆபீஸ்காரர்கள் வந்திருந்தார்கள். எல்லாரும் படத்தின் முன்னால் நின்றார்கள்.

“உங்கப்பாங்களா? கண்ணுல என்ன ஏக்கம் பாருங்க!” என்று ஓர் அம்மாள் உருகினாள்.

அந்த அப்பன் நான், பின்னால் சோபாவில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏக்கம் இல்லீங்க அம்மிணி, கண்ணுல புரை” என்றேன்.

திரும்பிப் பார்த்துத் தலையாட்டிவிட்டு மறுபடி படத்தைப் பார்த்தார்கள். அத்தனை பேர் நடுவில் இருந்த அளவுக்குத் தனியாக நான் ஒரு நாளும் இருந்ததில்லை.

அவர்கள் போனதும் மகனிடம் கேட்டேன்: “ரெண்டு நாள் கூட இருந்தாப் போதும் சாமி.”

“லீவு கெடைக்காதுங்கப்பா. ஆனா உங்கள நெனைக்காத நாளில்லீங்க. காலைல அந்தப் படத்தப் பாத்துட்டுத்தான் வேலைக்கே கெளம்பறேன்.”

படத்துக்கா சொட்டு மருந்து விடுவான்? ஸ்டூலைப் போட்டு ஏறி, படத்தைக் கழற்றினேன். “இனி இதப் பாக்கோணும்னா ஊட்டுக்கு வா” என்று சொல்லிவிட்டு, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஆபரேஷன் நடந்தது. பக்கத்துக் கட்டில்காரரின் மகள்தான் எனக்கும் சேர்த்து மருந்து விட்டாள். நான்காம் நாள் மகன் போன் செய்தான். ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியோடு தடவித் தடவி எடுத்தேன்.

“அப்பா, படத்த வெய்யில் படற எடத்துல வெச்சராதீங்க, சாயம் போயிருமுங்க” என்றான்.