மவுசைத் தொடாதீங்க சார்

எங்கள் தொழிலில் ஒரே ஒரு விதிதான்: டெஸ்ட் ஓடும்போது மவுசைத் தொடக் கூடாது. "தொடாதீங்க சார்" என்று நான் கத்தி முடிப்பதற்குள் சார் தொட்டுவிட்டார்.

கண்டுகொள்ள வேண்டாம்

மந்தைவெளியில் ஒரு வீட்டின் கீழ்த்தளம் எங்கள் ஆபீஸ். கல்யாணப் பத்திரிகை, மனு, கடிதம் எல்லாம் தமிழில் அடிக்கிற சாஃப்ட்வேர் தயாரிக்கிறோம். அதை எழுதியவர் எங்கள் முதலாளி, சார். ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பவன் நான். நான் என்றால், என் ஸ்கிரிப்ட், அதாவது கம்ப்யூட்டருக்கு நான் வரிசையாக எழுதி வைத்த கட்டளைகள். அதுவே விண்டோவைத் திறக்கும், எழுதும், சேமிக்கும், மூடும். சரியாக நடந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. ஒரே குறை, மேலே எந்த விண்டோ இருக்கிறதோ அதில் எழுதும். அது யாருடையது என்று கேட்காது.

அன்றைக்கு டெஸ்ட் ஓடிக்கொண்டிருந்தது சார் கம்ப்யூட்டரில். நடுவில் சிந்தாதிரிப்பேட்டை பிரஸ்காரர் சாட்டில் வந்தார். பழைய வெர்ஷனில் பத்திரிகை அடிக்கிறவர், புதிதை அவர் தலையில் கட்டத்தான் சார் ஒரு மாதமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தார். சார் ஆசையாக சாட்டை கிளிக் பண்ணினார். சாட் மேலே வந்தது. ஸ்கிரிப்ட் தன் வேலையை அங்கே தொடர்ந்தது: "இது சோதனை. கண்டுகொள்ள வேண்டாம்." என்டர். "இது சோதனை. கண்டுகொள்ள வேண்டாம்." என்டர். சார் நிறுத்தத் தெரியாமல் மானிட்டரை அணைத்தார். மானிட்டரை அணைத்தால் ஸ்கிரிப்ட் நிற்குமா? கொஞ்ச நேரத்தில் பிரஸ்காரரே போன் பண்ணினார்.

"கண்டுக்காத, கண்டுக்காதன்னு இத்தினி வாட்டி சொன்னா எப்டிபா கண்டுக்காம கீறது?"

தானா ஓடுது

இதில் சிரிக்க எனக்கு வழியில்லை. பிளஸ் டூ முடித்ததும் காலேஜ் வேண்டாம் என்று சொன்னவன் நான். படிக்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். இந்த வேலை நிலைக்காவிட்டால் தி.நகரில் மாமாவின் பாத்திரக் கடை என்று அம்மா முடிவே பண்ணிவிட்டாள். அங்கே வாசலில் நின்று "வாங்க மேடம், குக்கர் பாக்கறீங்களா" என்று போகிற வருகிறவர்களை எல்லாம் மறிக்க வேண்டும். சார் சொன்னது இது: பிரஸ்காரர் புது வெர்ஷனை வாங்கினால் எனக்கு வேலை நிரந்தரம். வாங்காவிட்டால் குக்கர்.

அதனால் டெஸ்ட் கெடாமல் இருக்க, கையைக் கட்டிக்கொண்டு மவுசுக்குக் காவல் உட்கார்ந்திருந்தேன். ஆபீஸ் கூட்டுகிற செல்வி அக்கா துணியோடு வந்தார். மேஜையைத் துடைக்காதீங்க என்றேன். மவுசை நகர்த்தாதீங்க என்றேன். பெருக்கும்போது ஒயரில் இடிக்காதீங்க என்றேன். அக்கா துடைப்பத்தை ஓரமாகச் சாய்த்துவிட்டு, ஸ்கிரீனில் அம்புக்குறி தானாக ஓடுவதையும், விண்டோக்கள் தானாகத் திறந்து மூடுவதையும் நன்றாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வேலையெல்லாம் அதுவே பாத்துக்கினு கீது. உனக்கு இன்னாத்துக்கு நைனா சம்பளம்?"

ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் சக பாவிகளே, உங்களிடம் பதில் இருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

ஒன்றுக்கும் இரண்டுக்கும் கல்யாணம்

ஒருநாள் சார் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டார். சும்மா இருக்காமல் ஸ்கிரீனில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஸ்கிரிப்டுக்கு 'சேவ்' பட்டன் எந்த இடத்தில் இருக்கும் என்பது மட்டும்தான் தெரியும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காது. எழுத்து பெருத்ததும் பட்டன்கள் நகர்ந்து, சேவ் இருந்த இடத்தில் பிரிண்ட் வந்து நின்றது. ஸ்கிரிப்ட் சேமிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அச்சடித்துத் தள்ளியது.

பிரிண்டர் வாசல் பக்கம். ஃபேன் காற்றில் பத்திரிகைகள் பறந்து போய் மாடிப்படியில் இறங்கின. மாடியில் இருக்கும் வீட்டுக்கார மாமி ஒன்றை எடுத்துப் படித்துக்கொண்டே உள்ளே வந்தார். டெஸ்டுக்காக நான் அடித்து வைத்த பத்திரிகை அது. மணமகன்: பெயர் ஒன்று. மணமகள்: பெயர் இரண்டு. மாமி கோபமாகத்தான் இருந்தார், ஆனால் காரணம் வேறு.

"பேரு என்ன எழவா வேணா இருக்கட்டும்டா. மாடிப்படியில வீசிட்டுப் போனா அழைச்சதா ஆயிடுமா? ஆத்துக்கு வந்து குங்குமம் குடுத்து அழைக்கணும்னு தெரியாதோ?"

அந்தச் சிவப்பு

புது வெர்ஷனை நேரில் பார்க்க பிரஸ்காரர் வரவிருந்த வெள்ளிக்கிழமை அது. எல்லாம் பச்சை, ஒன்று மட்டும் சிவப்பு. பத்திரிகையை மூடும்போது "சேமிக்கவா?" என்று பெட்டி வருமில்லையா, அதில் கேன்சல் அமுக்கினால் பத்திரிகைக்கே திரும்ப வேண்டும். எங்கள் சாஃப்ட்வேர், பழைய வெர்ஷனிலிருந்தே, பத்திரிகையையே அழித்துவிடும். சாரிடம் காட்டினேன். "கேன்சலை எவன்டா அமுக்கப் போறான்? அந்த டெஸ்டைத் தூக்கிடு, எல்லாம் பச்சையாயிடும்" என்றார். நான் தூக்கவில்லை. நேர்மை கீர்மை எல்லாம் இல்லை. பத்திரிகை காணாமல் போனால் போனில் திட்டு வாங்கப் போகிறவன் நான்.

பிரஸ்காரர் வந்தார், டீ குடித்தார், ஸ்கிரீனைப் பார்த்தார். "அது இன்னாபா செவப்பு?" சார் அது டிசைன் என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "கேன்சல் அமுக்கினா பத்திரிகை போயிடும்ணா" என்றேன். சார் என்னைப் பார்த்த பார்வையில் குக்கர் விசில் கேட்டது. பிரஸ்காரர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அடப்பாவிங்களா, என் மச்சான்தான் அழிச்சான்னு அவன்கூட பேச்சையே நிறுத்திட்டேன்பா! இப்ப எந்த மூஞ்ச வச்சிக்கினு அவன்கிட்ட போவேன்?"

சிவப்பு பச்சையானால் வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். அவரைக் கேட் வரை விட்டுவிட்டு வந்த சார், "திங்கக்கிழமையிலேர்ந்து நீ வராதே" என்றார்.

திங்கட்கிழமை நான் உள்ளே நுழைந்தபோது சார் தலைநிமிரவே இல்லை. "கேன்சலைச் சரி பண்ணிட்டேன், ஓட்டு" என்றார். ஓட்டினேன். மறுபடியும் சிவப்பு. "நாளைக்குச் சீக்கிரம் வா" என்றார்.

வராதே என்றால் வராமல் இருந்துவிட முடியுமா, சொன்னதை அப்படியே செய்வதற்குத்தான் ஸ்கிரிப்ட் இருக்கிறதே.