எலி பிடித்த செஞ்சேவல்

எங்கள் வீட்டில் ஒரு நாய் இருந்தது, ஒரு பூனை இருந்தது, எலியும் இருந்தது. மூன்றுக்கும் நடுவில் ஒரு நாளும் சண்டை சச்சரவு வந்ததில்லை. சண்டையெல்லாம் எனக்கும் எலிக்கும்தான்.

அந்த எலிகளை வீட்டுக்கு அனுப்பிவைத்தவர் என் வீட்டுக்காரர். இதை அவர் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன். வட்டவளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் அவருக்குக் கவ்வாத்து வேலை. ஆளுயரத்துக்கு வளர நினைக்கும் தேயிலைச் செடியைக் கத்தியால் முழங்கால் அளவுக்கு வெட்டி விடுவதுதான் கவ்வாத்து. எங்களுக்குக் கல்யாணமான இரண்டாம் வருஷம் தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயத்துக்குப் பின்னாலிருந்த மலையை வெட்டினார்கள். ஒதுங்க நிழலில்லாமல் போன எலிகள் மூட்டை முடிச்சு இல்லாத குறையாகக் கிளம்பி வந்து எங்கள் கோழிக்கூட்டுக்கு அடியில் குடியேறின.

அதே கவ்வாத்தில்தான் கத்தி வழுக்கி அவர் முழங்காலுக்குக் கீழே பாய்ந்தது. டிக்கோயா ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் கிடந்தார். காலை எடுக்கவேண்டி வந்தாலும் வரலாம் என்று சொன்ன அன்றைக்கு, ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றுகொண்டு கவ்வாத்துச் சாமிக்கு நேர்ந்துகொண்டேன். கால் நல்லபடியாக வந்தால், அடுத்த கவ்வாத்துக்குக் கத்தி வைக்கும் முன்னால், என் வீட்டில் பொரித்த செஞ்சேவல் ஒன்று தருகிறேன் என்று. கடையில் வாங்கிய சேவல் என்று நேர்ந்திருந்தால் எவ்வளவோ சுலபம். அவசரத்தில் வாய் நீண்டுவிட்டது. கால் வந்துவிட்டது. சேவலுக்குத்தான் பாடு.

பெட்டைக் கோழியைப் பதினொரு முட்டையில் அடைவைத்தேன். கூடு பழைய தேயிலைப் பெட்டிப் பலகையில் அவர் அடித்தது. மூன்றாம் நாள் எண்ணினால் ஏழுதான் இருந்தது.

அவர் சிகரெட்டுத் தகரத்தில் பத்திரமாக வைத்திருந்த பிரஜாவுரிமைப் பாரத்தின் நகலையும் மூடி சரியாகப் போடாத ஒருநாள் எலி கடித்திருந்தது. இலங்கையா இந்தியாவா, எந்த நாட்டு ஆள் என்று சர்க்காரில் எங்களைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எலியை யாரும் கேட்கவில்லை.

எங்கள் நாயைப் பற்றி அவர் பெருமையாகப் பேசுவார். காட்டுப்பன்றியை மறித்த நாயாம். கங்காணியைக் கண்டால் குரைக்கும், தபால்காரரைக் கண்டால் குரைக்கும், மழையைப் பார்த்துக்கூடக் குரைக்கும். எலியைக் கண்டால் மட்டும் வாலை ஆட்டும். ஒருநாள் ரோஷம் வந்து கூட்டுக்கு அடியில் எலி வளையைத் தோண்ட ஆரம்பித்தது. முன்னங்காலால் மண்ணை வாரி இறைத்து அரை மணி நேரம் தோண்டிவிட்டுக் களைத்துப் போய்ப் படுத்துக்கொண்டது. அதுவரை எலிகள் ஒடுங்கி ஒடுங்கிப் போய்வந்த சந்து, அன்றிலிருந்து வண்டிப்பாதையாகிவிட்டது. இரவல் வாங்கிய எலிப்பொறியில் கருவாட்டுத் துண்டு வைத்தோம். அதில் மாட்டிக்கொண்டு அலறியதும் இந்தப் பன்றி மறித்த நாயின் மூக்குதான். விஷம் வைக்கலாமென்றால் கோழி முதலில் தின்றுவிடும்.

அப்புறம்தான் பூனை வந்தது. வட்டவளைக் கடைவீதியில் அரிசிக்கடை முதலாளி என்னைக் கூப்பிட்டு அதைக் கொடுத்தார். ஒரு நாளைக்குப் பத்து எலி பிடிக்குமென்றார். அப்படிப்பட்ட பூனையை அரிசிக்கடைக்காரர் ஏன் சும்மா கொடுக்கிறார் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. வழி தெரிந்து திரும்பிப் போய்விடக்கூடாதென்று சாக்கில் கட்டி, மூன்று சுற்றுச் சுற்றி, மேட்டில் தூக்கிவந்தேன். அதற்குத் திரும்பிப்போகும் எண்ணமே இல்லை. டின்பாலைக் குடித்துவிட்டு, அடுப்படியில் இருந்த பெட்டிக்குள் ஏறிப் படுத்தது. அது நக்கி மிச்சம் வைத்த தட்டை எலி வந்து துடைத்துவிட்டுப் போவதை ஒருமுறை கண்ணால் பார்த்தேன். பூனையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதை என்று, சுவருக்கு அந்தப் புறம் பக்கத்துக் காம்பராவில் இருந்த அக்கா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

ஏழு குஞ்சு பொரித்தது. ஆறை எலி கொண்டுபோனது. மிஞ்சிய ஒன்றைத் தூக்கிவந்து அடுப்படிப் பெட்டியில் விட்டேன். அது நடுங்கிக்கொண்டே போய்ப் பூனையின் வயிற்றடியில் புகுந்துகொண்டது. என் உயிர் போய்விட்டது. பூனை ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது, மறுபடி மூடிக்கொண்டது. தின்ன வேண்டுமானால் எழுந்திருக்க வேண்டுமே. அந்தப் பெட்டியில் பூனையின் சூட்டிலேயே அந்தக் குஞ்சு வளர்ந்தது. கொண்டை முளைத்தது, கழுத்தில் சிவப்பு இறங்கியது. நேர்த்திக்குச் செஞ்சேவல் கிடைத்துவிட்டது என்று நான் கவ்வாத்து மலை இருந்த பக்கம் திரும்பிக் கும்பிட்டேன்.

அந்தச் சேவல்தான் எங்கள் வீட்டில் முதல்முறையாக எலி பிடித்தது.

நாய் தோண்டிவைத்த பாதையில் தலையை விட்டு, காலால் சீய்த்து, எலிக்குஞ்சுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டுக் கொத்தியது. கொன்றதைப் பூனை எழுந்துவந்து தின்றது. நாய் பக்கத்தில் நின்று, தானே பிடித்ததுபோலக் குரைத்தது. பெரிய எலிகள் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு லயம் தேடிப் போய்விட்டன. பக்கத்துக் காம்பரா அக்கா, அதுவரை சிரித்தவள், தன் அரிசிப்பானைப் பக்கமும் கொஞ்சம் விடச்சொல்லி சேவலை இரவல் கேட்டு வந்தாள்.

அடுத்த கவ்வாத்துக்கு ஐந்து வாரம் இருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. சேவலைப் பார்த்தால் அழுகை வந்தது. அவர் காலில் இருந்த தழும்பைப் பார்த்தால் பயம் வந்தது. வாக்குக் கொடுத்தது நான். மறுத்தால் கத்தி மறுபடி அவர் காலைத்தானே தேடிவரும்.

பலி கொடுக்கும் முன்னால் சேவலின் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். உடம்பைச் சிலிர்த்து உதறினால்தான் சாமி ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். மூன்று தடவை தெளித்தும் சிலிர்க்காவிட்டால் சாமிக்கு வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள். மறுக்கிறது நானில்லை, சாமிதான் என்று ஆகிவிட்டால்? இந்தப் புத்தி எனக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியாது.

மறுநாள் காலையிலேயே சேவலைப் பீலிக்கரைக்குத் தூக்கிப்போனேன். மலையிலிருந்து தண்ணீர் கொட்டும் அந்த இடத்தில்தான் லயமே குளிக்கும். மஞ்சள் கரைத்துத் தலையில் தெளித்தேன். சிலிர்த்தது. ஒன்றும் கொடுக்கவில்லை. மறுபடி தெளித்தேன். சும்மா நின்றபோது குருணை அரிசி கொடுத்தேன். முதல் வாரம் வெதுவெதுப்பான தண்ணீர், பிறகு பச்சைத் தண்ணீர். வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்படிக்கிறதற்குள் தினமும் இந்தப் பள்ளிக்கூடம் நடந்தது. நான்காம் வாரம் முழுச் செம்பையும் தலையில் கவிழ்த்தாலும் அரிசிக்காக வாயைத் திறந்துகொண்டு நின்றது. சாமி சேவலை இப்படி மஞ்சள் நீராட்டி வளர்க்கிற பக்தியை எங்கேயும் பார்த்ததில்லை என்று அக்கா லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள். நானும் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

கவ்வாத்து அன்றைக்கு, மலையில் சவுக்கு மரத்தடிக் கல்லுக்கு முன்னால் கத்திகளை வரிசையாக வைத்தார்கள். கங்காணி வீட்டுச் சேவல் ஒரு சொட்டுத் தண்ணீருக்கே உடம்பெல்லாம் உதறிக்கொண்டு போய்ச் சேர்ந்தது. அடுத்து என்னுடையது. பூசாரி தெளித்தார். அது அசையவில்லை. இரண்டாம் தடவை தெளித்தார். வாயைத் திறந்துகொண்டு என்னைத் தேடியது. நான் வேறு பக்கம் பார்த்தேன். மூன்றாவது தடவை பூசாரி கோபத்தில் செம்போடு ஊற்றினார். சேவல் கல்லைப்போல நின்றது.

"சாமிக்கு இது வேணாமாம். பூசணிக்காய வெட்டிட்டு இத வீட்டுக்குக் கொண்டு போங்க," என்றார் பூசாரி.

வீட்டுக்கு வந்து அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். சாமியை ஏமாற்றிவிட்ட சந்தோஷம் பாதி வழியிலேயே தீர்ந்துபோய், இனி அந்தக் கால் என்னவாகும் என்ற பயம்தான் மிச்சமிருந்தது. அவர் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து கத்தியைத் தீட்டிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்.

"குருணை எவ்வளவு செலவாச்சு புள்ள?"

எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டேன். இரண்டாம் நாளே பார்த்துவிட்டாராம்.

"பாத்துட்டு ஏங்க சொல்லல?"

"நேர்ந்தது நீ, காலு என்னுது. நேத்துப் போயி சாமிகிட்ட சொல்லிட்டு வந்தேன், கேக்குறதா இருந்தா என்னக் கேளு, அவளக் கேக்காதன்னு."

கோபத்தில் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கவ்வாத்து முடியும்வரை, அவர் மலையிலிருந்து இறங்கி வந்தால் நான் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்ப்பேன். அவரும் வாசலில் நின்று இரண்டு காலையும் மாற்றி மாற்றித் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். கடைசி நாள் அவர் கத்தியைத் துடைத்துக் கூரையில் செருகிய பிறகு, அடுப்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். பூனை எழுந்திருக்கவில்லை. நாய் என்ன ஏதென்று தெரியாமல் என்னோடு சேர்ந்து ஊளையிட்டது. சேவல் மட்டும் வந்து என் முன்னால் தலையைக் குனிந்து நின்றது, தண்ணீர் தெளிப்பேன் என்று.