சோத்தாங்கைக்கு வாங்கிய துப்பாக்கி

இந்த மலையில் தீப்பெட்டியை அரிசிப் பானைக்குள்தான் வைக்க வேண்டும். வெளியில் வைத்தால் ஒரே நாளில் குச்சி நமுத்துப்போகும். உப்பு தானாகக் கரைந்து சட்டியைவிட்டு ஒழுகும். கொடியில் போட்ட சேலை நான்காம் நாளும் ஈரமாகவே இருக்கும். வந்த புதிதில் இதற்கெல்லாம் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். இப்போது பழகிவிட்டது, அல்லது அழுவதற்கே அலுத்துவிட்டது. அதே அரிசிப் பானையில், தீப்பெட்டிக்குப் பக்கத்தில், தகர டப்பா நிறையத் துப்பாக்கித் தோட்டாவும் இருக்கிறது. உலைக்கு அரிசி அள்ளும்போதெல்லாம் அது விரலில் இடிக்கும். கீழே கம்பத்திலும் சின்னமனூரிலும் இருக்கிற நீங்கள் இதைப் படித்துச் சிரிப்பீர்கள். என்னைப் போல ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பிழைக்க ஏறி வந்தவர்களுக்குச் சிரிப்பு வராது.

நான் பிறந்தது அனுமந்தன்பட்டியில். தோட்டத்தின் ஓரப் பாறையில் நின்றால், மஞ்சு விலகிய நேரத்தில் எங்கள் ஊர்ப் பக்கத்து வயல்கள் பச்சையாகத் தெரியும். ஆனாலும் இது வேறு ராஜ்யம். திருவிதாங்கூர் மகாராஜாவின் சர்க்கார், வேறு காசு, வேறு பாஷை. கடல் தாண்டிப் போனவர்களுக்காவது ஊர் கண்ணில் படாது. எனக்குத் தினமும் படுகிறது. ஒரு ஆத்திர அவசரத்துக்கு இறங்கிப் போக மட்டும் முடியாது.

என் வீட்டுக்காரர் இந்தத் தோட்டத்து மேஸ்திரி. விடிந்ததும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் போனால் பொழுது சாயத்தான் திரும்புவார். பறித்த காயை உலர்த்துகிற ஸ்டோரும் எங்கள் வீடும் ஒரே கூரையின் கீழ். பகல் முழுவதும் அடுப்புக்கு விறகு தள்ளுவது, காயைக் கிளறுவது, தரம் பிரிப்பது எல்லாம் நான்தான். ஒரு வருஷம் பக்கத்துத் தோட்டத்தில் பட்டப்பகலில் புகுந்து, காவல்காரனை அடித்துப்போட்டுவிட்டு உலர்ந்த காய் மூட்டைகளைத் தூக்கிப் போய்விட்டார்கள். மறுவாரமே எங்கள் முதலாளி கம்பத்திலிருந்து ஏறி வந்தார்.

"இங்க பாருப்பா, பொம்பளைய நம்பி ஸ்டோர விட முடியாது. துப்பாக்கி பிடிக்கிற ஆளா ஒருத்தன இங்கன தங்க வைக்கிறேன். ஒம் பொண்டாட்டிய ஊருக்கு அனுப்பிரு" என்றார்.

"அவளே பிடிப்பா முதலாளி" என்று என் வீட்டுக்காரர் சொன்னார். என்னைக் கேட்கவில்லை. முதலாளி ஒரு மாதம் தவணை கொடுத்தார். மறுபடி வரும்போது பத்தடி தூரத்தில் இருக்கிற டப்பாவை நான் சுட்டு வீழ்த்த வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டும்.

பிறந்த வீட்டுக்குப் போகச் சொன்னால் பெண் சந்தோஷப்பட வேண்டாமா என்று கேட்பீர்கள். நான் பயந்தேன். ஏனென்றால் நான் நொட்டாங்கைக்காரி. அதைக் கீழே இருந்தவரை என் அம்மாவும் அத்தையும் தவிர யாருக்கும் தெரியவிட்டதில்லை. சின்ன வயதில் சாப்பாட்டு நேரத்தில் அம்மா என் இடது கையைப் பழைய சேலைத் துணியால் இடுப்போடு சேர்த்துக் கட்டிவிடுவாள். "இவள எவன் கட்டுவான்" என்று அத்தை ஓயாமல் கேட்பாள். பெண் பார்க்க வந்த அன்று காப்பித் தட்டை எந்தக் கையால் நீட்டுவது என்று இருவரும் ஒரு வாரம் பழக்கினார்கள். பத்துப் பேர் பார்க்கிற வீட்டில் இருபது வருஷம் ஒரு கையைக் காவல் காத்துச் சலித்துப்போயிருந்தேன். இங்கே மஞ்சும் மரமும்தான் துணை. பகலில் அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்து இடது கை இஷ்டப்படி வெங்காயம் நறுக்குவேன். அவர் வீட்டில் இருக்கும்போது மட்டும் வலது கைக்கு மாறிக்கொள்வேன்.

தோட்டத்தில் மருந்து கெட்டித்துச் சுடுகிற ஒரு பழைய கேப்புத் துப்பாக்கி உண்டு. அதை ஒரு தடவை வெடித்துப் பார்த்ததில் தோள்பட்டை நான்கு நாள் கன்றிப்போய்க் கிடந்தது. அப்போதுதான் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்புகிறார், இரண்டு சின்னக் கைத்துப்பாக்கிகள் விலைக்கு வைத்திருக்கிறார் என்று தெரிந்தது. சீமையில் யுத்தம் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்ட நேரம். முதலாளி விலையைக் கொடுக்க ஒப்புக்கொண்டார். ஒரே லைசன்ஸ், அதில் எங்கள் இருவர் பெயரும். ஆகவே ஒரே துப்பாக்கி இருவர் கைக்கும் பொருந்த வேண்டும். செருப்பு வாங்கினால்கூட ஆளுக்கு ஒரு ஜோடி வாங்குகிற உலகத்தில் எங்களுக்கு இப்படி ஒரு நிலைமை.

துரை நல்ல மனிதர். பங்களா முற்றத்து மேஜையில் இரண்டையும் வைத்துப் பொறுமையாக விளக்கினார். அவர் இங்கிலீஷில் சொன்னதைச் சமையல்காரர் மலையாளத்தில் சொன்னார். அதை நாங்கள் தமிழாக்கிக்கொண்டோம். இரண்டுமே ரிம்பயர். தோட்டாவின் அடிவிளிம்பில் அடி விழுந்தால் வெடிக்கும் சாதி. தோட்டா ஏலக்காயைவிடக் கொஞ்சம்தான் நீளம், உதைப்பு கிடையாது, பழகுகிறவர்களுக்கு இதுதான் சரி என்றார். ஒன்று உருளை வைத்த ரிவால்வர். கனம், விசையும் இறுக்கம். மற்றது தட்டையான பிஸ்டல். லேசானது, விசையும் இளக்கம். ஆனால் சுடுவதற்குமுன் இடது பக்கத்தில் இருக்கிற ஒரு சின்னக் கொக்கியைக் கட்டைவிரலால் கீழே தள்ள வேண்டும். வலது கையில் பிடித்தால் கட்டைவிரல் நேராக அதன்மேல்தான் உட்காரும்.

துரை என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். "சாயிப்பு சோதிக்குன்னு, ஏது கையாண்ணு" என்றார் சமையல்காரர். எந்தக் கைக்காரி என்று கேட்கிறார். நாலு பேர் நிற்கிறார்கள். புருஷன் பக்கத்தில் நிற்கிறார். என் வாய் தானாகச் சொன்னது: "சோத்தாங்கைதான்."

சொல்லிவிட்டு நான் தலை குனிந்ததைத் துரை துப்பாக்கிப் பயம் என்று எடுத்துக்கொண்டு, தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பிறகு ரிவால்வரை என் வலது கையில் கொடுத்தார். விசை அசையவே இல்லை. பிஸ்டல்தான் இந்த அம்மாவுக்கு ஏற்றது என்று முடிவு சொன்னார். என் வீட்டுக்காரர் என் முகத்தை இரண்டு தடவை பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, "சரிங்க" என்று மட்டும் சொன்னார். பிஸ்டலோடு வீடு வந்தோம்.

பதினெட்டுத் தோட்டா சுட்டேன். ஜாம் டப்பா ஸ்டோருக்குப் பின்னால் கட்டைமேல் அப்படியே இருந்தது. கட்டையில்கூடக் காயமில்லை. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. பெட்டியில் எதை முதலில் மடித்து வைப்பது என்று யோசிக்கவே ஆரம்பித்துவிட்டேன். அப்போது அவர் என் கையிலிருந்து பிஸ்டலை வாங்கிக் கொக்கியைத் தள்ளி, என் இடது கையைப் பிடித்து அதில் வைத்தார்.

"இதுல சுடு."

நான் துப்பாக்கியை இறக்கினேன். "உங்களுக்கு யார் சொன்னாக?"

"யாரும் சொல்லல. நீ வெங்காயம் வெட்டயில பாத்திருக்கேன். கல்யாணம் முடிஞ்சு மறுமாசமே."

"அப்பறம் அங்கன எதுக்கு வாயத் தொறக்கல?"

"அந்தச் சமையக்காரன் முன்னாடி எம் பொண்டாட்டி நொட்டாங்கைனு நான் சொல்லவா? நீயே சோத்தாங்கைனு சொல்லிட்ட. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?"

கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. என் மானத்தை நான் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகக் காப்பாற்றி, இருவரும் சேர்ந்து எனக்கு ஆகாத துப்பாக்கியை வாங்கி வந்திருக்கிறோம். மூன்றாவது சூட்டில் டப்பா கீழே விழுந்தது. ஆனால் இடது கையில் பிடித்தால் கொக்கி விரலுக்கு எட்டவில்லை. மற்ற கையைக் கொண்டுவந்து தடவித் தள்ளுவதற்குள் திருடன் மூட்டையோடு மலையே இறங்கிவிடுவான்.

மறுநாளே திரும்பிப் போனோம். துரையின் சாமான்களுக்குப் பெட்டி அடித்துக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை நான் யாரையும் பேசவிடவில்லை. இடது கையை நீட்டி, "இந்தக் கை" என்றேன். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று துரை கேட்டார். எங்கள் வீட்டுச் சேலைத் துணியையும் அத்தையின் பேச்சையும் மலையாளத்துக்கும் அங்கிருந்து இங்கிலீஷுக்கும் எப்படி அனுப்புவது? சும்மா சிரித்தேன். அவரும் ஒன்றும் புரியாமல் சிரித்துவிட்டு, ஆணி அடித்த பெட்டியைத் திறக்கச் சொல்லி, பிஸ்டலை வாங்கிக்கொண்டு ரிவால்வரை எடுத்துக் கொடுத்தார். அதன் சுத்தியல் நடுவில் இருக்கிறது. எந்தக் கைக் கட்டைவிரலுக்கும் எட்டும். அன்று அசையாத விசை இடது விரலுக்கு ஒழுங்காக அசைந்தது. லைசன்ஸ் காகிதத்தை மாற்றி எழுத இரண்டு நாள் தாலுகா கச்சேரிக்கு நடந்தோம்.

முதலாளி வந்தார். ஐந்து டப்பா வைத்தார், நாலு விழுந்தது. அவர் டப்பாவைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தார். "அடியாத்தீ, நொட்டாங்கையிலயா" என்றார். பிறகு, "சரி, இருந்துக்கட்டும்" என்று ஒப்புதல் கொடுத்துவிட்டு இறங்கினார். காய் மூட்டைகளோடு அந்தச் செய்தியும் கீழே இறங்கியது.

இரண்டு வருஷம் கழித்து என் தம்பிக்குக் கல்யாணம். ரிவால்வரை எல்லைச் சாவடி தாண்டிக் கொண்டுபோக லைசன்ஸ் கிடையாது. ஆளில்லாத வீட்டில் விட்டுப் போகவும் கூடாது. ஒன்றை இருவர் பங்கு போட்டுக்கொண்டால் ஒருவர் எப்போதும் அதற்குக் காவல் இருக்க வேண்டும் என்று வாங்கும்போது யாரும் சொல்லவில்லை. அதிலிருந்து நாங்கள் இருவரும் சேர்ந்து ஊருக்கு இறங்கியதே இல்லை. அவரை விட்டுவிட்டு நான் மட்டும் போனேன்.

கோயிலில் தாலி கட்டும்போது முடிச்சைப் போடுவது நாத்தனார் பாத்தியம். நான் ஒருத்திதான் அக்காள். எழுந்தேன். அத்தை என் தோளை மெதுவாக அழுத்தினாள். "நீ உக்காருத்தா. மலையில இருந்து களச்சு வந்திருக்க." எங்கள் சித்தப்பா மகள் போய் முடிச்சுப் போட்டாள். முடிச்சுப் போட இரண்டு கையும்தான் வேண்டும், ஒரு கையால் இதுவரை யாரும் போட்டதில்லை. இதை யாரிடம் சொல்வது? உட்கார்ந்த இடத்திலிருந்தே அட்சதை தூவினேன்.

பந்திக்கு இலை போட்டார்கள். அம்மா என் பின்னால் வந்து குனிந்தாள். "நாலு பேரு பாக்கிறாக. சாப்பிடயிலயாச்சும் சோத்தாங்கையில சாப்பிடுத்தா" என்று காதோரம் கெஞ்சினாள். நினைவு தெரிந்ததிலிருந்து நான் அந்தக் கையால்தான் சாப்பிடுகிறேன். அதைப் பழக்கியது தான்தான் என்பதுகூட அம்மாவுக்கு மறந்துபோயிருந்தது. "சரிம்மா" என்று வலது கையால் சோற்றைப் பிசைந்தேன். பந்தலுக்கு வெளியே மேற்கே மலை தெரிந்தது. அந்நேரம் அவர் அரிசிப் பானைக்குள் கையை விட்டுத் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருப்பார். எனக்கு அங்கேயே போய்விட வேண்டும்போல இருந்தது. ஆனால் அம்மா கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்காகக் கடைசிப் பருக்கைவரை அந்தக் கையாலேயே சாப்பிட்டேன்.