ஜன்னல் இல்லாத கொட்டகை

என் அக்காவைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அவள் உழைப்பைப் பற்றியே பேசுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவள் உழைப்பைப் பற்றிப் பேசுவதென்றால் என் செருப்பைப் பற்றியும் பேச வேண்டும்.

நாங்கள் இருவரும் ஒரே நாளில்தான் பஸ் டிப்போவில் வண்டி கழுவும் வேலைக்குச் சேர்ந்தோம். அப்பா தையல் கடையில் துணி வெட்டுகிறவர். எங்கள் வீட்டு வாசலில் ஒரு சைக்கிள்கூட நின்றதில்லை. டிப்போ கேட்டருகே என் செருப்பு வார் அறுந்தது. நான் குனிந்து ஊக்கு குத்திக்கொண்டிருந்த நேரத்தில் அக்கா விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். முதலில் போனவளுக்கு முன்கொட்டகை கிடைத்தது, அடுத்து வந்தவளுக்குப் பின்கொட்டகை. என் கொட்டகைக்கு நேரெதிரே மேற்பார்வையாளரின் அறை, அதில் ஆள் உயரத்துக்கு ஜன்னல். அக்காவின் கொட்டகையை எந்த ஜன்னலில் இருந்தும் பார்க்க முடியாது.

கழுவிய பஸ்ஸைப் பின்னால் எடுத்து வரிசையில் நிறுத்துவது டிரைவர்களின் வேலை. அக்கா பக்கம் 'சோம்பல்' என்று டிப்போவே கூப்பிடும் ஒரு டிரைவர் இருந்தார். நாலு நாள் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து கிளட்ச், பிரேக் எல்லாம் காட்டினார். ஐந்தாம் நாள், மெல்ல எடுத்து நிறுத்தும்மா, ஒன்றும் ஆகாது என்று சாவியை எறிந்துவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். ஆகத்தான் செய்தது. பஸ் தண்ணீர் டிரம்மை இடித்தது. பார்த்தவர் யாருமில்லை. அக்கா நசுங்கிய பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். மறுநாளும் அவளுக்குச் சாவி வந்தது.

என் கொட்டகைப் பக்கத்து டிரைவர்கள் மட்டும் சுறுசுறுப்பில் பொங்கி வழிந்தவர்களா என்ன? ஜன்னலுக்குப் பயந்து பல்லைக் கடித்துக்கொண்டு அவர்களே வண்டியை நிறுத்தினார்கள்.

பதினோரு வருடம், நாளுக்கு இருபது பஸ். ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் இடைவெளி விட்டு அக்கா பஸ்ஸைப் பின்னால் கொண்டுவந்து நிறுத்துவாள். நானும் இருபது பஸ் கழுவினேன். சக்கரத்துச் சேற்றை அதே மாதிரிக் கம்பியால் நோண்டினேன். என் முதுகும் அவள் முதுகு போலத்தான் வலித்தது.

பிறகு டிப்போவில் பெண் டிரைவர்களை எடுக்கப்போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். முதலில் கனரக வாகன லைசென்ஸ் வாங்க வேண்டும். அந்த விண்ணப்பத்தில் 'பயிற்சி பெற்ற இடம்' என்ற கட்டத்தில் எல்லோரும் டிரைவிங் ஸ்கூல் பெயரை எழுத, அக்கா 'கழுவும் கொட்டகை' என்று எழுதினாள்.

லைசென்ஸ் டெஸ்டில் ரிவர்ஸ் பார்த்த அதிகாரி கீழே இறங்கி வந்து, தரையில் போட்டிருந்த கோட்டைக் குனிந்து பார்த்தார். அத்தனை சுத்தம். பிறகு ரோட்டுக்குப் போகச் சொன்னார். முதல் கியர் போட்டாள், இரண்டாவது போட்டாள், அதோடு நின்றாள். என்ஜின் கதறியது. மூன்றாவது போடு என்று அவர் சொல்ல, அக்காவின் கை கியர் மேலேயே தடுமாறியது. டிப்போ யார்டில் மூன்றாவது கியருக்கு இடம் ஏது? தங்கள் அப்பா லாரியிலும் மாமா வேனிலும் பழகி வந்தவர்கள் வரிசையில் நின்று சிரித்தார்கள். ஓட்டத் தெரியாமல் எதற்கு வந்தாய் என்று அதிகாரி கேட்டார்.

"ஓட்டத் தெரியும் சார். ரோடுதான் கிடைக்கல. மூணு மாசத்துல வரேன்."

டெஸ்டிலிருந்து வந்த கையோடு சோம்பல் டிரைவரின் முன்னால் போய் நின்றாள். அவர் மச்சானிடம் ஒரு பழைய லாரி இருந்தது எங்களுக்குத் தெரியும்.

"பதினோரு வருஷம் உங்க பஸ்ஸ நான் நிறுத்தினேன். எனக்குப் பதினோரு ஞாயித்துக்கிழமை வேணும். கெஞ்ச வரல, வாங்கிட்டுப் போக வந்திருக்கேன்."

மனுஷன் கொட்டாவி விட்டுக்கொண்டே பதினோரு ஞாயிறும் எல் போர்டு மாட்டிய லாரியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அக்கா லைசென்ஸ் வாங்கினாள், டிரைவரும் ஆனாள்.

டிப்போ கேன்டீனில் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். மேனேஜர் மைக்கைப் பிடித்து, மனம் இருந்தால் எல்லோரும் இப்படி வரலாம், இவர் ரத்தத்திலேயே டிரைவிங் இருக்கிறது என்றார். கைதட்டல் அடங்கியதும் அக்கா மைக்கை வாங்கினாள்.

"ரத்தத்துல இருந்தா என் தங்கச்சி ரத்தத்துலயும் இருக்கணும் சார். ஒரே அப்பா அம்மாதான். நான் டிரம்மை இடிச்சப்ப யாரும் பாக்கல, அதான் இங்க நிக்கிறேன். அவளுக்கு இடிக்கக்கூட வாய்ப்புக் கிடைக்கல."

எனக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது.

மறுநாள் மத்தியானம் அக்கா தன் பஸ்ஸை முன்கொட்டகைக்குக் கொண்டு போகவில்லை, என் கொட்டகைக்குக் கொண்டு வந்தாள். நான் கழுவி முடித்ததும் இறங்கி, ஜன்னலில் இருப்பவர் பார்க்கவே சாவியை என் கையில் வைத்துவிட்டு, மறுபக்கம் ஏறி உட்கார்ந்தாள். கிளட்ச் எது, பிரேக் எது என்று காட்டினாள். நான் பஸ்ஸைப் பின்னால் எடுத்தேன். டமார் என்று தண்ணீர் டிரம் உருண்டது.

ஜன்னல் திறந்தது. யார் ஓட்டுவது என்று மேற்பார்வையாளர் கத்தினார். அக்கா என் பக்கம் திரும்பினாள். பதில் சொல்ல வேண்டியவள் நான்தான் என்று புரிந்தது. ஸ்டியரிங்கை விடவில்லை. தலையை வெளியே நீட்டினேன்.

"நான்தான் சார் ஓட்டுறேன். இன்னும் நேரா வரல. திரும்ப எடுக்கிறேன், பாருங்க."

முதல் கியரைப் போட்டு வண்டியை முன்னால் கொண்டு போனேன்.