மரியதாஸ் தொடாத மூன்று இடங்கள்

மரியதாஸ் போய்விட்டான் என்று போன் வந்தபோது செங்கல்பட்டு ஸ்டேஷனில் மின்ரயிலுக்கு நின்றிருந்தேன். "நிஜமாவா?" என்று மூன்று தரம் கேட்டேன். எதையும் முதல் தரத்தில் நம்பாத புத்தி அவனிடமிருந்து ஒட்டிக்கொண்டது.

தொண்ணூறுகளில் நாங்கள் தொழுநோய்ப் பிரிவு ஊழியர்கள். கடப்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம் வரை குப்பம் குப்பமாகப் போய் நரம்பைச் சோதிப்போம். நோயாளி கண்ணை மூடிக்கொள்வார். பேனா முனையால் கையைத் தொடுவோம். தொட்ட இடத்தை அவர் மறு கையால் காட்ட வேண்டும். ஓரக்கண்ணால் பார்ப்பார்கள் என்று மரியதாஸ் முகத்தில் துண்டு வேறு போடுவான். அவனை அறிந்தவர்களே, உங்களில் யாரை அவன் நம்பினான்?

"நரம்பு இன்னாத்துக்குய்யா கெடுது?" என்று கேட்ட மீனவரிடம் சொன்னான்: "நரம்பு இழை விரல் வரிக்கும் ஒத்தையா வருது. ஸ்வான் செல்லுன்னு ஒரு துணைதான் அத்த சுத்திக்கினு, உறை போட்டு, தீனி குடுக்குது. அறுந்தா திரும்ப வளர வழியும் காட்டும். கிருமி அந்தத் துணைக்குள்ளதான் பூந்துக்குது. துணை பூட்டா இழை பட்டினி."

ஒருநாள் என் கையில் டீ டம்ளர் நழுவியதைப் பார்த்துவிட்டான். "உக்காரு அண்ணாத்த, கண்ண மூடு." என் சுண்டுவிரல் மரத்து ஒரு மாதமாகியிருந்தது, மறைத்து வைத்திருந்தேன். மேற்பார்வையாளர் பதவி காலியாக இருந்த நேரம். என்னை நோயாளியாக்கிவிட்டு அதில் இவன் உட்காரப் பார்க்கிறான் என்றே நினைத்தேன். பெருவிரலில் தொடங்கிச் சுண்டுவிரல் பக்கம் முடிப்பது எங்கள் வழக்கம். வரிசை எனக்கு மனப்பாடம். துண்டுக்கடியில் எண்ணிக்கொண்டே எல்லா இடத்தையும் காட்டினேன்.

துண்டை எடுத்தான். "கடைசி மூணு தரம் நான் தொடவே இல்ல."

"எனக்கு வர வேண்டிய பதவி உனக்கு வேணும், அதானே?" என்று கத்தினேன்.

"பதவிய நீயே வெச்சுக்க. சுண்டுவெரல மட்டும் என்னாண்ட குடு."

அன்றே டாக்டரிடம் இழுத்துப் போனான். மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கினேன். கொஞ்சம் கொஞ்சமாக உணர்வு திரும்பியது. பதவியும் எனக்கே வந்தது. அதற்கு அவன் விண்ணப்பமே போடவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. வெட்கத்தில் இரண்டு நாள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

நேற்று கடப்பாக்கத்தில் சவப்பெட்டியை மூடுமுன் கண்ணை மூடிக்கொண்டு, சுண்டுவிரலை மட்டும் அவன் கைமேல் வைத்தேன். சில்லென்று இருந்தது. அந்தச் சில்லிப்பு தெரிகிற விரல்தான் அவன் எனக்கு விட்டுப்போனது.