எட்டு இதழ் வட்டம்

1990இல் முஸ்லிம்கள் எல்லோரோடும் சேர்த்து மன்னாரை விட்டு விரட்டப்பட்டபோது பளீலாவுக்குப் பதினொரு வயது. அதன்பின் எத்தாளை என்ற ஊரில்தான் எல்லாம்: கல்யாணம், இரண்டு பெண் பிள்ளைகள், வெங்காயத் தோட்டத்தில் கூலி வேலை. யாராவது கதவைத் தட்டினால் இன்னும் நெஞ்சு படபடக்கும். மருந்து எடுத்தும் தூக்கம் வரவில்லை.

2018இல் அருகிலுள்ள மாம்புரியில், மனப்பாரம் சுமக்கும் பெண்களுக்கென்று ஒரு வகுப்பு தொடங்கியது. அதை நடத்திய அல்பொன்சா டீச்சர் எல்லோருக்கும் கொப்பியும் பென்சிலும் கொடுத்தார்.

"நடுவில ஒரு புள்ளி வைங்க. அது நீங்க. அதைச் சுத்தி வட்டம் வட்டமாக் கீறிக்கொண்டு போங்க. இதுக்கு மண்டலம் எண்டு பேர். வடிவு முக்கியமில்ல. முடிச்சிட்டு, மனசில என்ன கிடக்கு எண்டு அதில பாருங்க."

பளீலா பூ வரையத்தான் நினைத்தாள். ஆனால் புள்ளியைச் சுற்றி வேலி வேலியாகக் கோடுகள் வந்தன. எந்நேரமும் தான் பயந்துகொண்டே இருப்பது அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. தினமும் வரைந்தாள். கொஞ்சம் தூக்கமும் வந்தது.

அடுத்த ஏப்ரலில் தேவாலயங்களில் குண்டுகள் வெடித்தன. முஸ்லிம் ஊர்களில் வீடு வீடாகச் சோதனை. புருஷனின் தங்கை மபாஸா ஓடி வந்தாள்.

"மச்சி, அந்தக் கொப்பிய எரிங்க! பௌத்தர்ட தர்மச் சக்கரத்தைக் கீறி வெச்சிருக்கு எண்டு புடிச்சிட்டுப் போவாங்க!"

பளீலா கொப்பியோடு அடுப்படிக்கு ஓடினாள். அதற்குள் வாசலில் சப்பாத்துச் சத்தம். இரண்டு ஆமிக்காரர். ஒருவன் அலுமாரியைக் கிளறினான். மற்றவன் அவள் கையிலிருந்த கொப்பியை வாங்கிப் புரட்டினான். தர்மச் சக்கரம் போலவே இருந்த எட்டு இதழ் வட்டம் ஒன்றில் அவன் விரல் நின்றது.

"மே மொகத்த?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

தெரிந்த சிங்களம் எல்லாம் அவளுக்கு மறந்துபோனது. பிள்ளைகள் இருவரும் அவள் உடுப்பை இறுகப் பிடித்திருந்தார்கள்.

"பயய், மஹத்தயா," பயமாக இருக்கிறது ஐயா, என்றாள் கடைசியில். பயம் வந்தால் வரைவேன் என்று விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினாள்.

அவன் அவளைப் பார்த்தான். மற்றப் பக்கங்களையும் புரட்டினான். கொப்பியை மேசையில் வைத்துவிட்டுப் போனான். பளீலா அப்படியே தரையில் இருந்துவிட்டாள். மீன்பிடிக்கப் போன புருஷன் ஹுனைஸ் கடலால் வந்து தூக்கும்வரை எழும்ப முடியவில்லை.

பின்னேரம் அந்த எட்டு இதழ் தாளை மட்டும் கிழித்து எரித்தாள்.

குண்டுவெடிப்போடு நின்றுபோன வகுப்பு மூன்று மாதம் கழித்து மறுபடி தொடங்கியது. கொப்பியை அபாயாவுக்குள் மறைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள்.

"எப்பிடி இருக்கிறீங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"பயம்தான் டீச்சர். ஆனா கீறுறன்."

அன்றுதான் முதல் தடவையாக, பதினொரு வயதில் மன்னார்க் கரையில் மழைக்குள் உம்மாவோடு வள்ளத்துக்குக் காத்து நின்ற கதையை அவள் வாய் திறந்து சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை டீச்சர் அவள் கையை விடவில்லை.