அக்கா சொன்ன சாட்சி

எங்கக்காவை எழுப்பி நிக்க வச்சது நான்தான். அதைச் சொல்லாம வேற எதைச் சொன்னாலும் பொய்யாயிடும்.

அப்ப எனக்குப் பதினெட்டு வயசு. மூணாவதோட படிப்பு நின்னுபோச்சு. அம்மா அப்பா இல்ல. அக்கா வீட்டுலதான் இருந்தேன். தேக்கா மார்க்கெட்டுப் பக்கத்துல ஒரு கடைவீட்டு மாடி, பலகையால தடுத்த ஒரு ரூம்பு. அத்தான் ஹார்பர்ல மூட்டை தூக்குறவரு. அக்காவுக்கு டிபி. தினமும் காலையில கிளினிக்குக்கு நடந்து போய் ஊசி போட்டுக்குவா. போட்ட இடம் கல்லு மாதிரி வீங்கிக்கும், உக்கார முடியாது. நான் துணியை வெந்நீர்ல நனைச்சு ஒத்தடம் குடுப்பேன்.

நாங்க போன சபையும் ஒரு கடைவீட்டு மாடிதான். கீழே மிளகாய் அரைக்கிற கடை. ஜெபம் பண்றப்ப எல்லாருக்கும் கண்ணுல தண்ணி வரும், பாதி பேருக்கு மிளகாயால. அங்க மருந்துன்னா ஒரு மாதிரி பாப்பாங்க. வேணாம்னு யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க. "முழுசா ஒப்புக்கொடுங்க. பாதி ஆண்டவருக்கு, பாதி டாக்டருக்குன்னு வைக்காதீங்க"ம்பாரு பாஸ்டர்.

மூணு மாசத்துல இருமல் நின்னுச்சு. அந்த ஞாயித்துக்கிழமை சாட்சி சொல்ற நேரத்துல அக்காவை முழங்கையால இடிச்சேன்.

"எந்திரிக்கா. சொல்லு."

"இன்னும் முடியலடி. ஒரு வருஷத்துக்கு மேல ஆகும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"ஆண்டவர் செஞ்சதை டாக்டர்கிட்ட கேட்டுட்டுதான் சொல்லுவியா?"

எந்திரிச்சா. கர்த்தர் என்னைச் சுகமாக்கிட்டாருன்னு சொன்னா. அத்தனை பேரும் அல்லேலூயான்னாங்க. எனக்கு ரொம்பப் பெருமையா இருந்துச்சு.

எங்க சபையில சாட்சி சொன்னா சொன்னதுதான். சுகமாயிட்டேன்னு சொன்னவ மறுநாள் ஊசிக்கு வரிசையில நின்னா, ஆண்டவரைப் பொய்யராக்குன மாதிரி. திங்கக்கிழமை அக்கா போகல. செவ்வாய்க்கிழமையும் போகல. அத்தான் கோயில், சபை எதுக்கும் போகாத ஆளு. "உங்க பாஸ்டருக்குப் பல்லு வலிச்சா எங்க போறாரு?"ன்னு கேட்டாரு. அக்கா அவருக்குச் சோத்தைப் போட்டுக்கிட்டே இருந்தா. நான்தான் சொன்னேன்: "நீங்க நம்பாததாலதான் அவளுக்கு இத்தனை நாள் சீக்கு, அத்தான்." சோத்தை அப்படியே வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு.

நாலு மாசம் போச்சு. அக்கா திரும்ப இரும ஆரம்பிச்சா. அத்தானுக்குக் கேக்கக் கூடாதுன்னு குளிக்கிற ரூம்புல குழாயைத் திறந்துவிட்டு இருமுவா. ஒருநாள் துவைக்கிற வாளியில அவ கைக்குட்டையைப் பார்த்தேன். ரத்தம். நான் பார்த்ததை அவளும் பார்த்துட்டா.

"சொல்லிடாதடி. சபைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்?"

நான் சொல்லல. அவளுக்காக மட்டும் இல்ல. எழுப்பிவிட்டது நான்னு சபையில எல்லாருக்கும் தெரியும்.

அத்தான் கண்டுபிடிச்சு டாக்சியில ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனப்ப ரெண்டு நுரையீரலும் போயிருச்சு. பதினாறு நாள் இருந்தா.

பிடாதாரி கல்லறையில அடக்கம் பண்ணோம். "எல்லாம் அவர் சித்தம், நாம கேள்வி கேக்கக் கூடாது"ன்னாரு பாஸ்டர். ஊசியை நிறுத்துனது யாரு சித்தம்? எனக்குப் பின்னால நின்ன ஒரு அம்மா பக்கத்துல இருந்தவங்க காதுல, "விசுவாசம் கொறஞ்சிருக்கும்"னு சொன்னாங்க. செத்தும் எங்கக்கா மேலதான் குத்தம்.

அடுத்த ஞாயித்துக்கிழமை பாஸ்டர் என்னைப் பார்த்து, "என்னை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா, பாரம் இறங்கும்"னாரு. எந்திரிச்சேன்.

"அக்காவுக்கு விசுவாசம் கொறையல. நம்மளை நம்பித்தான் ஊசியை விட்டா. ரத்தம் வந்ததை நான் பார்த்தேன், மறைச்சேன். என்னை நான் ஒப்புக்கொடுக்கவே இல்ல. அவளைத்தான் புடிச்சுக் குடுத்தேன்..."

அதுக்குள்ள முன்னால இருந்தவரு டோலக்கைத் தட்டிப் பாட்டை எடுத்துட்டாரு. எல்லாரும் சேந்துக்கிட்டாங்க. நான் பேசுறது எனக்கே கேக்கல. விடாம பேசுனேன். கொஞ்ச நேரத்துல பார்த்தா, என் ரெண்டு கையும் பாட்டுக்குத் தாளம் போட்டுக்கிட்டு இருக்கு.

கையைப் பாவாடையில அழுத்திப் புடிச்சுக்கிட்டேன். பேச வேண்டியதைப் பேசி முடிச்சுட்டுத்தான் படி இறங்குனேன்.